கருப்பு வண்டியில் உப்பு

காரின் கூரையில் முதல் குவளைத் தண்ணீரை ஊற்றியபோது சூரியன் மலைக்குப் பின்னால்தான் இருந்தது. எங்கள் வீடு அடி அண்ணாமலையில், மலைக்கு மேற்கே. டவுனில் கோயில் வாசலில் வெயில் ஏறி, பூக்கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டிய பிறகும் எங்கள் வாசலில் நிழல் கிடக்கும். கார் கழுவ அதைவிட நல்ல நேரம் இல்லை. வெயிலில் கழுவினால் துணி எடுப்பதற்குள் தண்ணீர் காய்ந்துவிடும். தண்ணீர் போய்விடும், அதிலிருந்த உப்பு போகாது. சொட்டு நின்ற இடத்தில் வட்டமாக உட்கார்ந்துகொள்ளும். வெள்ளைக் கார் என்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இது கருப்பு.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காரை விலைக்குப் பார்க்கத் திருமலை என்பவர் வருவதாக இருந்தது. செங்கம் ரோட்டில் விடுதி நடத்துகிறவர். விருந்தினர்களை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவர நல்ல வண்டி ஒன்று தேடிக்கொண்டிருந்தார். ஓவியாதான் அவரைப் பிடித்துக் கொடுத்தாள். ஓவியா என் மனைவி. கார் அவள் அப்பாவுடையது, வீடும் அவருடையது. நான் அந்த வீட்டில் இருக்கிற மாப்பிள்ளை.

சென்னையில் ஒரு கம்பெனியில் இரவு வேலை பார்த்தேன். அமெரிக்காவில் யாருக்கோ முட்டி ஆபரேஷன் நடந்தால் அந்த பில்லை இங்கே உட்கார்ந்து சரிபார்ப்பது என் வேலை. பகலில் ஜன்னலுக்கு அட்டை ஒட்டித் தூங்கினேன். ஒருநாள் விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களிடம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அவ்வளவுதான் காரணம், ஆனால் யாரும் நம்பவில்லை. வேறு ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்கள். இப்போது ஆசிரமத்துப் பக்கம் இன்னொரு விடுதியில் பகல் நேரத்தில் சாவி எடுத்துக் கொடுக்கிறேன். இரவில் தூங்குகிறேன். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

கார் கழுவும் வேலை எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்தது. முதல் முறை போர் தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்ததாக நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பானெட் முழுக்கச் சுண்ணாம்பு தெளித்தது மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் அப்படி. குழாய் வாயில் வெள்ளையாகப் பொரிந்திருக்கும், பக்கெட்டைச் சுரண்டினால் நகத்தில் மாவு மாதிரி வரும். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். மேலிருந்து கீழே கழுவ வேண்டும். சக்கரத்துக்கு வைத்த துணி கதவைத் தொடக் கூடாது. ஒரு பக்கத்துச் சோப்பைக் கழுவி முடிக்காமல் அடுத்த பக்கம் போகக் கூடாது. கடைசியாக ஒரு முறை மட்டும் உப்பில்லாத தண்ணீரை ஊற்ற வேண்டும். அதற்கு எங்கள் அறை ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பின்பக்கம் ஒரு கேனில் பிடித்து வைப்பேன். வாரம் முழுக்கச் சேரும். காற்றிலிருந்து வந்த தண்ணீர், அதில் உப்பு கிடையாது. அதை ஊற்றிவிட்டு மெல்லிய துணியை விரித்துப் போட்டு ஒற்றி எடுத்தால் போதும். தேய்க்கவே வேண்டாம். வானம் அப்படியே கதவில் தெரியும்.

அந்த நேரத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. அதுவும் ஒரு வசதி.

"இன்னா மாப்ள, பொண்ணு பாக்க வர்றாங்கன்னு அலங்காரம் பலமா இருக்குது?"

மாமா வாசல் படியில் வந்து நின்றார். பெயர் அர்ஜுனன். அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூர் நைட் சர்வீஸ்தான் அதிகமும் ஓட்டியிருக்கிறார். எனக்கு மரியாதை குறையாமல் 'ங்க' போட்டுத்தான் பேசுவார், 'ங்க' போட்டேதான் அடிப்பார். அத்தையின் பெயர் திரௌபதி. கூத்து பார்க்கிற ஊர். அவர்கள் கல்யாணத்தில் யாரோ "மத்த நாலு பேரும் எந்த பஸ்ல வர்றாங்க" என்று கேட்டு, மாமா பந்தியிலிருந்து எழுந்து போய் அவன் சட்டையைப் பிடித்ததாக ஓவியா சொல்வாள்.

"கடைசித் தண்ணி மட்டும் பாக்கி மாமா."

"ஊத்துங்க, ஊத்துங்க. போற வண்டி, பளபளன்னு போவட்டும்."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கார் சாவி எப்போதும் அங்கேதான் இருக்கும். ஓய்வு பெற்றதும் கிடைத்த பணத்தில் இந்தக் காரை வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து அவரைத் தவிர யாரும் ஓட்டியதில்லை. என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. சென்னையில் ஓட்டியும் இருக்கிறேன். ஒருமுறை கேட்டேன். "நான் நைட் சர்வீஸ் ஓட்னவன் மாப்ள," என்றார். "தூக்கத்தப் பத்தி எனக்குத் தெரியும். ராத்திரி முழிச்சவனுக்கு அது போவவே போவாது. கண்ணுக்குள்ளயே உக்காந்துகினு இருக்கும். உங்க கண்ணுல நான் பாக்கறேன்." அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

ஆனால் கொஞ்ச நாளாக அவரும் ஓட்டுவதில்லை. முதலில் இருட்டியபின் எடுப்பதை நிறுத்தினார். பிறகு டவுனுக்குள் போவதை நிறுத்தினார். கேட்டால், பௌர்ணமிக் கூட்டம் என்பார். பௌர்ணமி இல்லாத நாளில், டவுனில் ஆட்டோக்காரன்கள் ஜாஸ்தி என்பார். கடைசியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கழுவி முடித்ததும் காரை வாசலுக்குள்ளேயே முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் நகர்த்தி வைப்பதோடு சரி. ஒருநாள் சாப்பிடும்போது, "பெட்ரோல் விக்கிற வெலைக்குக் கட்டுப்படி ஆவல, வித்துடலாம்" என்றார். ஓவியா உடனே சரி என்றாள். சும்மா நிற்கிற வண்டிக்கு எதற்கு இன்ஷூரன்ஸ் என்றாள். மாமா என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்தேன். அத்தை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

அத்தைக்கு முட்டி வலி. பஸ் படி ஏற முடியாது. ஷேர் ஆட்டோவில் ஒடுங்கி உட்கார முடியாது. கார் வந்தபிறகுதான் செங்கத்தில் இருக்கிற தங்கை வீட்டுக்கு நினைத்தபோது போய்வந்தார். போகும்போது முன்சீட்டில் உட்கார்ந்து, ஏசிக் காற்று நேராக முகத்தில் படுகிற மாதிரித் திருப்பி வைத்துக்கொள்வார். மாமா நகர்த்துவதோடு நிறுத்திக்கொண்ட பிறகு அந்தப் பயணமும் நின்றது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. சாயங்காலம் செடியிலிருந்து மல்லி பறித்துக் கட்டுவார். கட்டி முடித்துத் தலையில் வைத்துக்கொண்டு, நிற்கிற காரைப் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்திருப்பார்.

பின்பக்கம் போய்க் கேனைத் தூக்கிவந்தேன். கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அது நான் வைத்த அடையாளம். ஏனென்றால் பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு கேன் உண்டு. சமையலறை ஆர்.ஓ. மெஷின் குடிக்கிற தண்ணீரை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளுமே, அத்தை தரை துடைப்பதற்காக அதைப் பிடித்து வைப்பார். போர் தண்ணீரைவிட அதில் உப்பு ஜாஸ்தி. நல்ல தண்ணீர் போக மிஞ்சிய உப்பு முழுக்க அதில்தான் இருக்கும். ஒருமுறை ஓவியா ஆர்.ஓ. தண்ணீர்தானே, சுத்தமாகத்தான் இருக்கும் என்று தன் ஸ்கூட்டியை அதில் கழுவி, அது சாம்பல் பூசிய மாதிரி ஆனது. அதன்பிறகுதான் சிவப்புத் துணி.

மூடியைத் திறக்கும்போது முடிச்சைப் பார்த்தேன். நான் கட்டினால் இழுத்து இரண்டு தடவை போடுகிற முரட்டு முடிச்சு. இது அப்படி இல்லை. நூலை விரலில் சுற்றிச் சுருக்கு வைத்து இழுக்கிற முடிச்சு. பூ கட்டுகிறவர்கள் போடுவது.

விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பு.

தலையைத் தூக்கினேன். சமையலறை ஜன்னலில் அத்தை நின்றுகொண்டிருந்தார். கையில் கரண்டி இருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சுகிற முகம் இல்லை அது, மிரட்டுகிற முகமும் இல்லை. இட்லி வெந்துவிட்டதா என்று பார்க்கிற முகம். பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு அந்தாண்டை சாக்கு மூடி எதையோ வைத்திருந்ததைக் கேன் எடுக்கும்போது பார்த்திருந்தேன், என்னுடைய கேன் அதுதான். போய் எடுத்துவர ஒரு நிமிடம் ஆகாது.

நான் குவளையை அந்தக் கேனிலேயே முக்கி எடுத்து, கூரையிலிருந்து ஆரம்பித்தேன். கூரை, கண்ணாடி, பானெட், கதவுகள். ஒரு இடம் விடாமல் ஊற்றினேன். கேன் காலியானதும் ஒற்றி எடுக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். துணி நனையாமலே தோளில் கிடந்தது. மறுபடி ஜன்னலைப் பார்த்தபோது அத்தை அங்கே இல்லை. மல்லி வாசனையோடு ஒரு டம்ளர் காபி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"சாப்டுங்க மாப்ள. சக்கரை கொஞ்சம் ஜாஸ்தி போட்டிருக்கேன்."

நிழலில் ஈரமாக நின்ற வரைக்கும் கார் பிரமாதமாக இருந்தது. மாமா சுற்றி வந்து பார்த்தார். "கண்ணாடி," என்றார். "என்ன சொன்னாலும் மாப்ள, இந்த ஒரு வேலையில உங்கள அடிச்சுக்க ஆள் இல்ல." வேலை செய்கிறேன் என்று அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

திருமலை ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே காரைச் சுற்ற ஆரம்பித்தார். டயரை உதைத்துப் பார்த்தார். கதவைத் திறந்து மூடிச் சத்தத்தைக் கேட்டார். மாமா கூடவே நடந்தார். எந்தப் பள்ளத்திலும் இறக்கியதில்லை, கிளட்ச் பட்டு மாதிரி என்று சொல்லிக்கொண்டு வந்தார். அதற்குள் மலை முதுகில் வெளிச்சம் கசிந்து, சூரியன் மேலே வந்தது. மலை நிழலின் ஓரம் தெருவிலிருந்து எங்கள் கேட்டுக்கு நகர்ந்து, கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, காரை விட்டு விலகியது. வெயில் பட்டதும் ஈரம் போனது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் கூரை. பிறகு பானெட். ஒவ்வொரு சொட்டும் ஓரத்திலிருந்து சுருங்கி, நடுவில் வெள்ளையாக நின்றது. கொஞ்ச நேரத்தில் கார் முழுக்கப் புள்ளி.

திருமலை நின்றார். ஒரு அடி பின்னால் போனார். சிரித்துவிட்டார்.

"சார், வண்டிக்கு அம்மை போட்டிருக்குதா?"

"அம்மையா? இன்னா சொல்றீங்க?"

"இந்தப் புள்ளிங்கதான் சார். பெயின்ட்டக் கடிச்சிருக்கும் போலருக்கே. பாலிஷ் போட்டாலும் போவுமான்னு தெரியல. நீங்க வெலையக் கொஞ்சம் பாத்து…"

"எங்க புள்ளி?" மாமாவின் குரல் ஏறியது. "கண்ணாடி மாதிரி இருக்குது. கம்மி பண்றதுக்குன்னு இல்லாததெல்லாம் பேசக் கூடாது தம்பி. பஸ் ஸ்டாண்டுல எத்தன புரோக்கரப் பாத்திருப்பேன்."

திருமலை அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏமாற்றுகிற முகம் இல்லை அவருடையது, குழம்பிய முகம். "சார், தோ… இங்க… இங்கல்லாம்," என்று பானெட்டில் விரலை வைத்து வைத்துக் காட்டினார். மாமா குனிந்தார். முகம் பானெட்டைத் தொடுகிற அளவு குனிந்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார்.

காபித் தட்டோடு வந்த ஓவியா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா," என்றாள். "உனக்குத் தெரியலயா?"

ரோட்டில் கிரிவலம் போகிற யாரோ செருப்பில்லாமல் நடந்து போகிற சத்தம் கேட்டது. நான் எதிர்பார்த்தது பேரம் படியாமல் போவதை. வந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கிளம்புவார், கார் நிற்கும், அவ்வளவுதான் என் கணக்கு. அத்தையின் கணக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும். வாசலில் நின்ற அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பெட்ரோல் விலையை, ஆட்டோக்காரன்களை, பௌர்ணமிக் கூட்டத்தை எல்லாம் நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்ப எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாமா கண்ணால் தேடுவதை விட்டுவிட்டு உள்ளங்கையைப் பானெட்டில் வைத்தார். மெதுவாக நகர்த்தினார். பொரிபொரியாக அது கையில் பட்டிருக்க வேண்டும். விரலை எடுத்து நாக்கில் வைத்தார். அப்படியே சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு என் பக்கம். அவருக்கு என் முகம் எந்த அளவு தெரிந்தது என்று எனக்குத் தெரியாது.

"ரெண்டு பேரும் சேந்துகினீங்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"வினிகர் போட்டுத் துடைச்சா போயிடும் மாமா," என்றேன். "புதுசு. கடிக்கல."

"தெரியும்."

திருமலை நல்ல மனிதர். எதையோ தாண்டிப் போக வேண்டும் என்று அவருக்குப் புரிந்திருந்தது. "சரி, பெயின்ட்ட விடுங்க. ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க சார், இன்ஜினப் பாத்துக்கலாம்," என்றார்.

மாமா டிரைவர் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்தார். பெங்களூர் ரோட்டில் எத்தனையோ இரவுகளில் லாரி வெளிச்சத்தை எதிரில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்த அதே மாதிரி, முதுகு நேராக. ரோட்டில் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு குறுக்கே ஓடினார்கள். அவர்கள் ஓடி முடித்து ரொம்ப நேரம் ஆகியும் மாமா வண்டியைக் கிளப்பவில்லை. பிறகு இறங்கினார். காரைச் சுற்றி, கையால் தடவிக்கொண்டே நடந்து, மறுபக்கக் கதவைத் திறந்தார்.

"நீங்க ஓட்டுங்க மாப்ள. நான் பக்கத்துல இருக்கேன்."

நான் ஈரக் காலைத் துடைத்துக்கொண்டு ஏறினேன். சீட்டைப் பின்னால் தள்ளினேன். கண்ணாடியைச் சரிசெய்தபோது அதில் அத்தை தெரிந்தார். எப்போது ஏறினார் என்று தெரியவில்லை. செருப்பு போட்டிருந்தார். பக்கத்தில் திருமலை ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"அம்மா எதுக்குங்க? இப்ப வந்துடுவோம்," என்றார்.

"சும்மா வரேன் தம்பி. பின்சீட்டுல காத்து வருதான்னு நீங்களும் பாக்கணும் இல்ல?"

கேட்டை ஓவியா திறந்துவிட்டாள். நான் கடக்கும்போது ஜன்னலருகே குனிந்து, "நாளைக்குக் கண் ஆஸ்பத்திரி. அவர நீதான் கூட்டினு போற," என்றாள். எனக்குச் சொல்கிற மாதிரி அப்பாவுக்குச் சொன்னாள். மாமா சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

கிரிவலப் பாதையில் ஏறினேன். மலை என் பக்கத்து ஜன்னலில் வந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் மாமாவின் வலது கால் தரையை அழுத்தியது. இல்லாத பிரேக். நான் கியர் மாற்றும்போதெல்லாம் அவர் இடது கால் இல்லாத கிளட்ச்சை மிதித்தது. "மாடு," என்றார். "பாத்துட்டேன் மாமா." "சைக்கிள்." "ம்." "தூங்கிடாதீங்க." "இல்ல மாமா." பஸ் ஸ்டாப் வந்தது. திருமலை, "இங்க திருப்பிக்கலாமே," என்றார். அத்தை, "இவ்ளோ தூரம் வந்தாச்சு, சுத்தியே போயிடுங்க மாப்ள," என்றார். நான் நேராகப் போனேன்.

குபேர லிங்கத்தைத் தாண்டியபோது மாமாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்பதைக் கவனித்தேன். ஒரு நாய் குறுக்கே வந்தது, நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் கால் தரையைத் தேடவில்லை. திரும்பிப் பார்த்தேன். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"சார் தூங்கிட்டாரா?" என்றார் திருமலை.

"மெதுவா பேசுங்க தம்பி," என்றார் அத்தை. இரண்டு சீட்டுக்கும் நடுவே எக்கிக் கையை நீட்டி, முன்பக்கம் ஏசிக் காற்று வருகிற இடத்தைப் பிடித்து, காற்று அவர் முகத்தில் நேராக அடிக்காதபடி கொஞ்சம் தள்ளித் திருப்பி வைத்தார்.

எதிர் வெயிலில் பானெட் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் மின்னிக்கொண்டிருந்தன. நான் வேகத்தடைகளில் மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்கினேன்.